ஊர் எழும்பும் முன்பே அதன் போக்குவரத்து

இருக்கிற ஊரில் போக்குவரத்தைக் கணக்கெடுக்க வழி உண்டு. முச்சந்தியில் ஆள் நிறுத்தி வண்டிகளை எண்ணலாம். வீடு வீடாகப் போய், நேற்று யார் எங்கே எதில் போனார்கள் என்று கேட்கலாம். இன்னும் அடிக்கல்கூட நாட்டாத புது நகரத்தில் எண்ணுவதற்கு வண்டியும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. ஆனால் சாலை எவ்வளவு அகலம், ரயில் நிலையம் எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்பதையெல்லாம் அப்போதே முடிவுசெய்தாக வேண்டும். வரைபடத்தில் போட்ட கோட்டைப் பிற்பாடு நகர்த்துவது பெரும்பாடு. அதனால்தான் வரப்போகும் ஊரின் ஒருநாள் நடமாட்டத்தைக் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பார்க்கிறார்கள். இதற்குப் பெயர் போக்குவரத்து மாதிரி.

1950களில் அமெரிக்காவின் டெட்ராய்ட், சிகாகோ ஆய்வுகளில் உருப்பெற்ற முறைதான் இன்றும் அடிப்படை. அதில் நான்கு கேள்விகள்: எத்தனை பயணங்கள் கிளம்பும், அவை எங்கே போகும், எதில் போகும், எந்த வழியாகப் போகும்? குடும்பங்கள், வருமானம், வேலையிடங்கள் இவற்றை வைத்து முதல் கேள்விக்கு விடை வரும். பெரிய இடமும் பக்கத்து இடமும் அதிகம் பேரை இழுக்கும் என்பது இரண்டாவதற்கு விடை. வழி மாறிப் போனாலும் இனி யாருக்கும் நேரம் மிச்சமாகாது என்ற நிலை வரும்வரை வண்டிகளைச் சாலைகளில் பிரித்துவிடுவது நான்காவது. இந்த விதியை 1952இல் வகுத்தவர் இங்கிலாந்தின் வார்ட்ராப்.

எதில் போகும் என்ற மூன்றாவது கேள்வியில்தான் நகரத்தின் தலையெழுத்தே இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் பார்ட் ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் அதில் ஏறுவார்கள் என்றது அதிகாரபூர்வக் கணிப்பு. பொருளியலாளர் டேனியல் மெக்ஃபேடன் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். காத்திருக்கும் நேரம், நடக்கும் தூரம், கட்டணம் ஆகியவற்றை ஒவ்வொருவரும் எப்படி எடைபோடுகிறார்கள் என்று பார்த்து 6.3 சதவீதம் என்றார். உண்மையில் ஏறியது 6.2 சதவீதம். 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது இந்த வகை ஆய்வுகளுக்காகவே. ஆனால் அவருக்குக் கேட்டுப் பார்க்க மக்கள் இருந்தார்கள். புது நகரத்துக்கு இந்த எடைகளை வேறோர் ஊரிலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். காரிலேயே வாழும் ஊரிலிருந்து கடன் வாங்கினால், புது ஊரும் காரில்தான் போகும் என்று மாதிரி சொல்லும். அதை நம்பி அகலச் சாலை போட்டால், சொன்னபடியே நடந்தும்விடும்.

ஒரு கற்பனைக் கணக்கு. காலையில் ஒரு மணி நேரத்தில் 20,000 பேர் நகர மையத்துக்கு வருகிறார்கள். எல்லோரும் காரில், காருக்குச் சராசரி 1.25 பேர் என்றால் 16,000 கார்கள். சிக்னல் உள்ள நகரச் சாலையில் ஒரு தடத்தில் மணிக்கு 800 கார் போகலாம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே வர மட்டும் 20 தடங்கள் வேண்டும். நிறுத்த, ஒரு காருக்கு வழியோடு சேர்த்து 25 சதுர மீட்டர் வீதம், சுமார் 100 ஏக்கர். நகர மையத்தில் 100 ஏக்கர்! கால் பங்குப் பேர் மட்டும் காரில் வந்தால் 5 தடங்களும் 25 ஏக்கரும் போதும். எனவே, ‘எத்தனை கார் வரும்?’ என்று மாதிரியைக் கேட்பதைவிட, ‘காரில் வருவோர் கால் பங்கைத் தாண்டாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்பதே சரி என்பேன்.

நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஹௌட்டன் இதற்கு நல்ல சாட்சி. 1960களில் சிறு கிராமம். இன்று சுமார் 50,000 பேர் வாழும் ஊர். அங்கே ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். சைக்கிளுக்கோ ரயில் நிலையம்வரை நேர்வழி. கார் வைத்திருக்க யாருக்கும் தடை போடவில்லை. பயண நேரத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். மாதிரிக்குள் நுழைவதும் அதே பயண நேரம்தான்.

நகரம் முழுதாக நிரம்பிய வருடத்துக்கு மட்டும் மாதிரியை ஓட்டிவிட்டு நிறுத்துவது பெரிய குறை. அபுதாபியின் மஸ்தர் நகரத்தில் ஓட்டுநரில்லாச் சிறு வண்டிகள் ஊர் முழுக்க ஓடும் என்பது திட்டம். 2010இல் பயணிகளுக்காக இரண்டே நிலையங்களோடு அவை ஓடத் தொடங்கின; அந்த வலை விரியவேயில்லை. இப்படித் திட்டம் முழுமையாகாத புது நகரத்தில் முதலில் குடிவருகிறவருக்குப் பக்கத்தில் பள்ளியும் இருக்காது, பேருந்தும் அடிக்கடி வராது. அவர் கார் வாங்கிவிடுவார். வாங்கிய பிறகு பேருந்து வந்தாலும் அதில் ஏறுவது அபூர்வம். ஆகவே மூன்றாம் வருடம், ஏழாம் வருடம் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே ஓட்டிப் பார்த்து, காலியாக ஓடினாலும் முதல் நாளிலிருந்தே எத்தனை பேருந்து ஓட வேண்டும் என்ற எண்ணிக்கையைச் சாலைச் செலவோடு சேர்த்து வரவு செலவுத் திட்டத்தில் எழுத வேண்டும்.