தீவுப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் யார்? ஆசிரியர் பயிற்சியில் தில்லியின் பொறுப்பு

புது தில்லி: மாணவர்களின் மனநலம் காக்க உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-ஆம் தேதி 15 வழிகாட்டுதல்களை வகுத்தளித்தது. பிற இடங்களில் அவற்றை நிறைவேற்றும் பொறுப்பில் மாநில அரசுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. சட்டப்பேரவை இல்லாத அந்தமான் நிகோபார் தீவுகளில் அந்தப் பொறுப்பு முழுவதும் மத்திய அரசையே சார்கிறது.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குத் தயாராகி வந்த மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அடங்கிய அமர்வு இந்த வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அதற்குக் குறைவான எண்ணிக்கை உள்ள நிறுவனங்கள் வெளி நிபுணர்களுடன் முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள், பிற ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைப்பதும், பிறர் முன்னிலையில் அவமதிப்பதும் கூடாது.

கடல் கடந்து வரவேண்டிய நிபுணர்

"வெளி நிபுணர்களுடன் தொடர்பு" என்ற சொற்றொடர் நிலப்பரப்பில் எளிதாகத் தோன்றலாம். தீவுகளில் நிலைமை வேறு. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்துதான் தீவுகளுக்கிடையிலான பயணிகள் கப்பல்கள் புறப்படுகின்றன. சுமார் 30 தீவுகளில் மக்கள் வசிக்கின்றனர். கடல் கொந்தளித்தால் பயணம் தடைபடும். தொலைதூரத் தீவில் பயிலும் ஒரு சிறுமி திடீரெனப் பேச்சைக் குறைத்துக்கொண்டால் அதை முதலில் கவனிக்கக்கூடியவர் அவளது வகுப்பாசிரியர். பல வேளைகளில் கடைசி வரை அருகில் இருப்பவரும் அவரே.

இதைத் தீவுகள் முன்பே அனுபவத்தில் கண்டுள்ளன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இங்கு ஆயிரக்கணக்கானோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அப்போது பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் இங்கு வந்து பணியாற்றினர். தொடக்கக் கட்டத்தில் மக்களில் 5 முதல் 8 சதவீதத்தினருக்குக் குறிப்பிடத்தக்க மனநலப் பாதிப்பு இருப்பதாக அவர்கள் மதிப்பிட்டனர். நிகோபார் பழங்குடியினரின் கூட்டுக் குடும்ப வாழ்க்கை துயரைத் தாங்கும் வலிமையை அளித்ததையும் பதிவு செய்தனர். மருத்துவர்கள் சில மாதங்களில் ஊர் திரும்பினாலும், ஆசிரியரும் சமூகமும் அங்கேயே இருந்தாக வேண்டும்.

பயிற்சியால் என்ன மாறும்?

தன் உணர்ச்சியை அறிதல், கோபத்தை அடக்குதல், பிறர் துயரை உணர்தல், பூசலைப் பேசித் தீர்த்தல், தயங்காமல் உதவி கேட்டல் ஆகியவற்றையே கல்வியாளர்கள் "சமூக, மனவெழுச்சிக் கற்றல்" என்கின்றனர். இது தனிப்பாடம் அன்று. ஆசிரியர் கண்டிக்கும் விதத்திலும், தவறான விடைக்கு அவர் காட்டும் முகத்திலும் இருந்தே குழந்தை இதைக் கற்கிறது. ஆகவே ஆசிரியரின் நடத்தை மாறாமல் பள்ளிச் சூழல் மாறாது.

கர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களில் நிம்ஹான்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு வாழ்க்கைத்திறன் பயிற்சி அளித்தது. அதன் பலனை ஆராய்ந்த முடிவுகள் 2010-இல் வெளியாயின. ஓராண்டு பயிற்சி பெற்ற 605 மாணவர்கள், பயிற்சி பெறாத 423 மாணவர்களுடன் ஒப்பிடப்பட்டனர். தன்மதிப்பிலும், சிக்கலைச் சமாளிப்பதிலும், ஆசிரியர்களுடன் இணங்கிப் போவதிலும் முன்னவர்கள் மேம்பட்டிருந்தனர். ஆனால் மனநோய் அறிகுறிகளிலும், வீட்டிலும் சக மாணவர்களுடனும் ஒத்துப்போவதிலும் வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் மருத்துவருக்கு மாற்றாக முடியாது என்பதற்கு இதுவே சான்று. பள்ளியை அச்சமற்ற இடமாக்குவது அவரால் இயலும். அதற்கு அப்பால் சிகிச்சை வசதி தேவை.

அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2022-இல் நடத்திய ஆய்வு காட்டியது. அதில் 3.79 லட்சம் மாணவர்கள் பங்கேற்றனர். படிப்பும் தேர்வும் முடிவுகளுமே பதற்றத்துக்குக் காரணம் என 81 சதவீதத்தினர் கூறினர். வகுப்பில் கேள்வி கேட்கவே தயங்குவதாகச் சுமார் 28 சதவீதத்தினர் தெரிவித்தனர்.

திட்டங்கள் வரும், போகும்

தில்லியில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தடை செய்கிறது. வாழ்க்கைத்திறனுக்கும் தரநிலை வழங்கும் மதிப்பீட்டு முறையை 2009-இல் கொண்டுவந்த மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், 2017-இல் அதைக் கைவிட்டது. பள்ளிக்கு இரு ஆசிரியர்களை "நலத் தூதர்களாக" நியமிக்கும் திட்டம் 2020-இல் தொடங்கியது. ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி வேண்டும் என அதே ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறியது.

ஒவ்வொரு திட்டத்தின் சுமையும் வந்து சேருவது அதே ஆசிரியர் மீதுதான். தேர்ச்சி விகிதத்தை மட்டுமே கேட்டு அவரை மதிப்பிடும் நிர்வாகம், அவர் மாணவரிடம் பரிவு காட்டவில்லை எனக் குறை கூறுவதில் நியாயமில்லை. இரண்டு நாள் வகுப்பும் ஒரு சான்றிதழும் போதா. பயிற்சிக்குப் பின் ஆசிரியர்கள் கூடிப் பேசவும், வழிகாட்டி ஒருவரைத் தொடர்ந்து அணுகவும், அதற்கென வேலை நேரம் ஒதுக்கவும் வேண்டும்.

மொழியும் முக்கியம். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் சுமார் 15 சதவீதத்தினரின் தாய்மொழி தமிழ். வங்கம், இந்தி, தெலுங்கு, நிகோபாரி மொழி பேசுவோரும் உள்ளனர். துயரைக் குழந்தை தாய்மொழியில்தான் சொல்லும். பயிற்சி இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் நடந்தால் பயன் பாதியே.

தீவுகளுக்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர்தான். எத்தனை பள்ளிகளில் ஆலோசகர் உள்ளனர், எத்தனை ஆசிரியர்கள் ஆண்டுக்கு இருமுறை பயிற்சி பெற்றனர், சிறு பள்ளிகள் எந்த மருத்துவருடன் இணைக்கப்பட்டுள்ளன என்பவை அவர் மட்டுமே எழுப்ப வேண்டிய கேள்விகள் அல்ல. உள்துறை, கல்வி அமைச்சகங்களிடம் தீவு வாரியாகக் கணக்குக் கேட்பது தமிழக உறுப்பினர்களின் கடமையும் ஆகும்.