ஒன்பதின்மர் வாழும் இல்லம்

நுழையும்முன்

முதுமையில் உடல் தளர்கிறது. சிலர்க்கு நினைவும் மங்குகிறது. அந்நிலையில் உணவும் மருந்தும் உறைவிடமும் கிடைத்தால் போதுமா? வாழ்ந்த வாழ்வின் தொடர்ச்சியை மூத்தோர் இழக்காதிருக்க என்ன செய்யலாம்? ஜப்பான் நாட்டின் சிறு இல்லங்கள் இவ்வினாவிற்கு அளிக்கும் விடையை இப்பாடம் விளக்குகிறது.

பெருங்கூடமும் தனிமையும்

ஜப்பானில் 1963ஆம் ஆண்டு முதியோர் நலச் சட்டம் இயற்றப்பட்டது. அன்றாடச் செயல்களுக்குப் பிறர் உதவியை நாடும் முதியோர்க்கெனப் பராமரிப்பு இல்லங்கள் அதன்வழித் தோன்றின. அவற்றுள் பல மருத்துவமனையின் சாயலிலேயே அமைந்தன. நீண்ட நடைகூடம், ஓர் அறையில் நான்கு கட்டில்கள், அனைவர்க்கும் ஒரே வேளையில் உணவு என்பதே அங்கு வழக்கம். பராமரிப்பு கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. நினைவுத்திறன் குன்றியோர் இத்தகைய சூழலில் எளிதில் கலங்குவர். ஒன்றுபோல் தோன்றும் கதவுகளுள் தம் அறை எது என்பதை அவர்களால் அறிய இயலாது. அடிக்கடி மாறும் பணியாளர் முகங்களும் அவர்களுக்கு அயலாகவே இருக்கும்.

இக்குறையைக் களைய, சுவீடனில் 1980களில் வளர்ந்த சிறு குழு இல்லங்கள் ஜப்பானுக்கு வழிகாட்டின. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் இவ்வகை இல்லங்களும் இடம்பெற்றன. நாற்பது வயது முதல் மக்கள் செலுத்தும் காப்பீட்டுத் தொகையும் அரசின் வரிவருவாயும் இத்திட்டத்தைத் தாங்குகின்றன. பராமரிப்புச் செலவில் பத்தில் ஒரு பங்கையே பெரும்பாலோர் செலுத்துகின்றனர். அறை வாடகையும் உணவுச் செலவும் தனி.

இல்லத்தின் அமைப்பு

ஜப்பானியர் ‘குரூப் ஹோம்’ என வழங்கும் இவ்வில்லத்தில், நினைவுத்திறன் குன்றிய மூத்தோர் ஒரு பிரிவிற்கு ஐவர் முதல் ஒன்பதின்மர் வரை வாழ்கின்றனர். ஒவ்வொருவருக்கும் 7.43 சதுர மீட்டருக்குக் குறையாத தனியறை உண்டு. சமையலறை, உணவுக்கூடம், கூடியிருக்கும் இடம் ஆகியன பொதுவானவை. பகலில் மூவர்க்கு ஒருவர் என்னும் அளவில் பணியாளர் இருப்பர். ஊருக்கு அப்பால் ஒதுங்கி நில்லாமல், மக்கள் குடியிருக்கும் பகுதியிலேயே இல்லம் அமைதல் வேண்டும் என்பது விதி. இரு திங்களுக்கு ஒருமுறை, இல்லத்தில் வாழ்வோர், குடும்பத்தினர், அப்பகுதி மக்களின் சார்பாளர் ஆகியோர் கூடி இல்லத்தின் நடைமுறைகளை ஆராய்கின்றனர்.

கை மறவாத வேலை

உணவு ஆக்குதல் முதலிய வீட்டு வேலைகளை மூத்தோரும் பணியாளரும் இயன்றவரை சேர்ந்தே செய்ய வேண்டும் என்பதும் விதிகளுள் ஒன்று. இதுவே இவ்வில்லத்தின் உயிர்நிலை எனலாம். நினைவு மங்கும்போது அண்மையில் நிகழ்ந்தவையும் பெயர்களும் முதலில் நழுவுகின்றன. பல்லாண்டுகள் பழகிய கைத்தொழில் அவ்வளவு விரைவில் அகல்வதில்லை. காலையில் உண்டதை மறந்த மூதாட்டி, முள்ளங்கியைச் சீராக நறுக்கக்கூடும்; பேரனின் பெயரை மறந்தவர், துணிகளை ஒழுங்காக மடித்து அடுக்கக்கூடும்.

பணியாளர் தனியே செய்தால் இவ்வேலைகள் விரைந்து முடியும். ஆயினும் மூத்தவர் வெறுமனே அமர்ந்திருக்க நேரும். ஆடை அணிவிப்பது ஓர் உதவி; அணியும் வரிசையில் ஆடைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது மற்றோர் உதவி. முன்னது வேலையை முடிக்கிறது. பின்னது மனிதரைப் பேணுகிறது. பின்னதற்குப் பொறுமை வேண்டும். ஒவ்வொருவரின் பழக்கத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். சிலரே வாழும் இல்லத்தில்தான் அவ்வறிதல் எளிதாகிறது.

தெரியுமா?

நினைவுத்திறன் குன்றும் நிலையைக் குறிக்க ஜப்பானிய மொழியில் முன்பு வழங்கிய ‘சிஹோ’ என்னும் சொல், மடமை என்னும் பொருளை உணர்த்தும் எழுத்துகளால் ஆனது. அது மூத்தோரை இழிவுபடுத்துகிறது எனக் கருதிய அரசு, 2004ஆம் ஆண்டு ‘நின்ச்சிஷோ’ என்னும் புதிய சொல்லை ஏற்றது. அறிதல் சார்ந்த நோய்நிலை என்பது அதன் பொருள்.

எல்லைகளும் எச்சரிக்கையும்

சிறு இல்லம் எல்லாத் தேவைகளையும் நிறைவு செய்வதில்லை. இடைவிடாத மருத்துவம் தேவைப்படுவோர் வேறிடம் செல்ல நேர்கிறது. பராமரிப்புப் பணிக்குப் போதிய ஆட்கள் கிடைப்பதும் அரிதாகி வருகிறது. 2006 சனவரியில் நாகசாகி மாகாணத்தின் ஓமுரா நகரில் இத்தகைய இல்லம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் எழுவர் உயிரிழந்தனர். அதன்பின் தீத்தடுப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. வீட்டின் இயல்பு மட்டும் போதாது, காப்பும் வேண்டும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

முதியோரைப் பேணுதல் என்பது அவர்கள் கையிலுள்ள வேலைகளையெல்லாம் வாங்கிக்கொள்வதன்று. எதை அவர்களால் இன்னும் செய்ய இயலும் எனக் கண்டறிந்து, அதைச் செய்யும்வரை உடனிருத்தலே பேணுதலாகும். இதற்குத் தனி இல்லம் வேண்டும் என்பதில்லை. மூத்தோர் வாழும் எந்த வீட்டிலும் இதனைக் கடைப்பிடிக்கலாம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூத்தோர் ஒருவர், பிறர் உதவியின்றிச் செய்யும் வேலைகளையும் சிறிது உதவினால் செய்யக்கூடிய வேலைகளையும் கேட்டறிந்து பட்டியலிடுக.

2. ‘ஒரு நோய்க்கு இடும் பெயர், அந்நோயுற்றோரைச் சமூகம் நடத்தும் முறையை மாற்றுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.