ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?



இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணி, ரொக்கக் கணக்கில் உள்ள இருப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பது நம் தொழிலின் முதல் பாடம். நூறு ரூபாய் குறைந்தாலும் காரணம் தெரியும்வரை தூக்கம் வராது. மயிலாடும்பாறையில் உள்ள மளிகைக் கடைக்கும் சரி, பங்குச் சந்தையில் பதிவான பெரிய கம்பெனிக்கும் சரி, பாடம் ஒன்றுதான். அதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐதராபாத்தைச் சேர்ந்த சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் நிறுவனமே சாட்சி. இன்று நம்மில் பலரும் நம் பிள்ளைகளும் சேமிப்பைப் பங்குகளில் போடுவதால் இதை அறிந்துகொள்வது அவசியம்.

கடிதம் சொன்ன கணக்கு

2009 ஜனவரி 7 அன்று அந்நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 ஐந்தொகையில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி உண்மையில் இல்லை. இல்லாத பணத்துக்கு 376 கோடி வட்டி வேறு வரவு வைக்கப்பட்டுள்ளது. 1,230 கோடி கடன் மறைக்கப்பட்டுள்ளது. வரவேண்டிய பாக்கி 490 கோடி கூட்டிக் காட்டப்பட்டுள்ளது என்று அதில் ஒப்புக்கொண்டார்.

இந்தப் பள்ளம் ஒரே நாளில் விழவில்லை. அந்த ஒரு காலாண்டை மட்டும் பாருங்கள். உண்மை வருமானம் 2,112 கோடி, லாபம் 61 கோடி. கணக்கில் எழுதியதோ வருமானம் 2,700 கோடி, லாபம் 649 கோடி. விற்காததை விற்றதாக எழுதினால், அந்தப் பணம் எங்கே என்ற கேள்வி வருமல்லவா? அதற்காக வங்கி இருப்பில் 588 கோடியைக் கூட்டி எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படியே நடந்தது. புலி வாலைப் பிடித்தவன் கதைதான். பிடித்திருக்கவும் முடியாது, விடவும் முடியாது.

7,000-க்கும் மேற்பட்ட போலிப் பில்களும், போலி வைப்புநிதி ரசீதுகளும் தயாரிக்கப்பட்டிருந்தது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. கம்பெனி கொடுத்த காகிதத்தோடு நின்றுவிடாமல், வங்கிகளிடமே நேரில் எழுதிக் கேட்டு இருப்பைச் சரிபார்த்திருந்தால் இவ்வளவு காலம் இது ஓடியிருக்காது. சிறந்த நிர்வாகத்துக்கான விருதை 2008-இல் பெற்ற நிறுவனம் இது என்பதையும் மறக்க வேண்டாம். விருது வேறு, இருப்பு வேறு.

கடிதம் வெளியான அன்று ஒரே நாளில் 179 ரூபாய்ப் பங்கு 40 ரூபாய்க்கு இறங்கியது. உழைத்துச் சேர்த்த பணத்தை அதில் போட்டிருந்த சாதாரண மக்கள்தான் அந்த நஷ்டத்தைச் சுமந்தார்கள். மத்திய அரசு புதிய இயக்குநர்களை நியமித்தது. ஏப்ரலில் டெக் மகிந்திரா நிறுவனம் அதை ஏலத்தில் எடுத்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ராஜு உள்ளிட்ட 10 பேருக்கு ஐதராபாத் சிறப்பு நீதிமன்றம் 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அது நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 447-ஆவது பிரிவு இத்தகைய பெரிய மோசடிகளுக்கு 10 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் தண்டனை வந்தாலும் போன பணம் முழுதாகத் திரும்புவது அரிது.

தரகரிடமும் எச்சரிக்கை

கம்பெனி நல்லதாக இருந்தாலும் பங்கை வாங்கித் தரும் தரகர் நாணயமாக இருக்க வேண்டும். 2019 நவம்பர் 22 அன்று கார்வி தரகு நிறுவனம் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்க செபி தடை விதித்தது. வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்து அது கடன் வாங்கியிருந்தது. அந்தப் பங்குகளின் மதிப்பு 2,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: பங்கு வைத்திருப்போர் தரகர் அனுப்பும் அறிக்கையோடு நின்றுவிடாமல், என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். ஆகிய காப்பகங்கள் நேரடியாக அனுப்பும் அறிக்கையையும் ஒப்பிட வேண்டும்.

இரண்டு: கணக்குப்பிள்ளை கொண்டுவரும் தாளை மட்டும் நம்பாமல், மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கை முதலாளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று: ஆண்டு முடிவில் மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் பாக்கித் தொகையை எழுதிக் கையொப்பமிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பேரேட்டில் ஒருவர் எழுதியதை மற்றவர் ஒப்புக்கொண்டால்தான் அது பாக்கி. ஜி.எஸ்.டி.யும் இப்போது இதையே சொல்கிறது: 2022 ஜனவரி முதல், சரக்கு விற்றவர் தம் கணக்கில் காட்டிய பில்லுக்கு மட்டுமே நமக்கு வரி வரவு கிடைக்கிறது.

கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்க வேண்டாம். நாணயமான வியாபாரிக்குக் கணக்குக் கேட்பவர் பகைவர் அல்லர்.