சால்வடோர் தெருமுனையில் ஒரு காராமணி வடை

போன வருஷம் அலுவலக வேலையாக சாவோ பாலோவில் மூன்று வாரம் இருக்க வேண்டி வந்தது. கடைசியில் நாலு நாள் லீவு போட்டு சால்வடோர் போய் வந்தேன். பிரேசிலின் வடகிழக்கில், பாஹியா மாநிலத்தின் தலைநகர். 1549ல் போர்த்துகீசியர்கள் கட்டிய ஊர்; 1763 வரை பிரேசிலுக்கே தலைநகராக இருந்தது. பழைய கட்டடம், தேவாலயம் என்று சுற்றத்தான் போனேன். சாப்பாட்டைப் பற்றி எழுதும் எண்ணமே இல்லை.

முதல் நாள் சாயங்காலம் ரியோ வெர்மெல்யோ என்ற கடற்கரைப் பகுதியில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு சின்ன சதுக்கம், பிளாஸ்டிக் நாற்காலிகள், பீர் பாட்டில்கள், நடுவில் ஒரு கூட்டம். கூட்டத்துக்கு நடுவே வெள்ளை லேஸ் பாவாடை, தலையில் வெள்ளைத் துணிக்கட்டு, கழுத்தில் வண்ண மணிமாலைகளுடன் ஒரு அம்மா உட்கார்ந்து பெரிய சட்டியில் எதையோ பொரித்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால், வடை! ஓட்டை இல்லாத, கொஞ்சம் நீள்வட்டமான, பெரிய சைஸ் வடை.

போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன்: "பிரேசில்லயும் வடை!" பத்தே நிமிஷத்தில் பெரிய மாமாவிடம் இருந்து பதில்: "சோழர் கப்பல் அதுவரைக்கும் போயிருக்குப்பா. இதை ஆராய்ச்சி பண்ணி எழுது." மறுநாள் பார்த்தால் என் போட்டோவே "தமிழன் கண்ட பிரேசில்" என்று தலைப்புப் போட்டு இன்னொரு குழு வழியாக எனக்கே திரும்பி வந்தது. இதில் பாதிப் பழி என்னுடையது. அதனால் மாமா சொன்னபடியே ஆராய்ச்சி பண்ணினேன். இந்தக் கட்டுரை அந்த போட்டோவுக்கு நான் எழுதும் திருத்தம்.

முதலில் பண்டம். பெயர் அகராஜே. விற்கும் பெண்களைப் பையானா என்கிறார்கள், பாஹியாக்காரி என்று பொருள். மாவு வெறும் காராமணிதான், நம்மூரில் தட்டைப்பயறு என்றும் சொல்வோமே, கறுப்புக் கண் வைத்த வெள்ளைப் பயறு, அதேதான். உடைத்து, ஊறவைத்து, தோலைக் கழுவி நீக்கி, வெங்காயம், உப்பு சேர்த்து அரைக்கிறார்கள். அப்புறம் ஒரு பெரிய பாத்திரத்தில் போட்டு மரக்கரண்டியால் அடி அடியென்று அடிக்கிறார்கள். மாவு வெளுத்து நுரைத்து உப்பலாகிறவரை. சோடா கிடையாது. உளுந்துக்கு இயல்பாகவே ஒரு கொழகொழப்பு உண்டு, காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காராமணிக்கு அது குறைவு, அதனால் அடித்துத்தான் காற்றேற்ற வேண்டும். இரண்டு கரண்டியால் உருட்டி எண்ணெயில் இறக்குவார்கள்.

எண்ணெய்தான் முக்கியம். டென்டே என்கிற செம்பனை எண்ணெய். நம் கடைகளில் பாக்கெட்டில் வரும் பாமாயிலும் அதே மரத்துப் பழம்தான், ஆனால் அது சுத்திகரித்து நிறமும் மணமும் போனது. டென்டே அடர்ந்த ஆரஞ்சு நிறம், கனமான வாசனை. சதுக்கத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே மூக்கு கண்டுபிடித்துவிடும்.

என் முறை வந்தது. அந்த அம்மா கேட்டார்: "கென்ச்சி?" சூடா என்று அர்த்தம், அவ்வளவு போர்த்துகீசியம் எனக்குத் தெரியும். சூடாகத்தானே வேண்டும், தலையாட்டினேன். வடையைக் கத்தியால் பன் மாதிரி பிளந்து, உள்ளே மிளகாய் விழுதை வழித்துத் தடவினார். இங்கே சூடு என்றால் காரம் போட்டது. ஆறியது என்றால் காரம் இல்லாதது! வெள்ளைக்காரப் பயணிகள் நிறையப் பேர் இதில் மாட்டிக் கண்ணீர் விட்டிருப்பார்கள். நமக்கு என்ன, மூன்று வாரம் உப்புச் சப்பில்லாமல் சாப்பிட்ட நாக்கு அன்றைக்குத்தான் உயிர் பெற்றது.

மிளகாய்க்கு மேலே வாட்டபா என்று ஒரு கூழ். ரொட்டி, தேங்காய்ப்பால், வேர்க்கடலை, முந்திரி, உலர்ந்த இறால் எல்லாம் அரைத்துக் காய்ச்சியது. அப்புறம் கருரு (எங்கள் கரூர் நண்பர் இந்தப் பெயரில் மிகவும் மகிழ்ந்தார்), இது வெண்டைக்காய்க் கூட்டு. கடைசியில் தக்காளி வெங்காயம், தோலோடு உலர்ந்த இறால். சைவக்காரர்கள் கவனிக்க: இறால் வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது, வாட்டபாவிலும் கருருவிலும் இறால் அரைபட்டிருக்கும். வடை, மிளகாய், தக்காளி மட்டும் கேளுங்கள்.

சைவம் என்று பேச்சு வந்ததால் இன்னொன்று. பிரேசிலில் மதியச் சாப்பாட்டுக்கு மொழி தெரியாதவனின் சொர்க்கம் ஒன்று உண்டு: கிலோக் கடை. தட்டை எடுத்து வேண்டியதைப் போட்டுக்கொண்டு தராசில் வைத்தால் எடைக்கு விலை. சோறும் அரைக்கிலோவுக்கு இவ்வளவு, மீனும் அதே விலை. துண்டுச் சீட்டில் குறித்துக் கொடுப்பார்கள், வெளியே போகும்போது பணம். அந்தச் சீட்டைத் தொலைக்காமல் இருந்தால் சரி. சோறு, பயறு, கீரை, வறுத்த மரவள்ளி மாவு என்று நானே ஒரு எல்லைச் சாப்பாடு கட்டிக்கொண்டேன். பயற்றில் மட்டும் பெரும்பாலும் மாமிசத் துண்டு மிதக்கும், கேட்டுவிட்டுப் போடணும்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருகிறேன். இது நம் வடையா?

என் தொழிலில் இருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். இரண்டு பேர் ஒரே கணக்குக்கு புரோகிராம் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை வைத்துக் காப்பி அடித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தன் மாறிக்கு வைத்த அபத்தமான பெயர் இன்னொருத்தனிடமும் அப்படியே இருந்தால் மாட்டிக்கொண்டான். பயற்றை ஊறவைத்து அரைத்து எண்ணெயில் போடுவது முதல் வகை. பயறும் எண்ணெயும் இருக்கிற எந்த ஊர் அடுப்படியிலும் தோன்றக்கூடியது. பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கணும்.

ஒத்துப்போகிறது, ஆனால் நம்மோடு இல்லை. எங்கள் டீமில் லாகோஸ்காரர் ஒருவர் இருக்கிறார். போட்டோவைக் காட்டினேன். யோசிக்கவே இல்லை: "இது அக்கரா! சனிக்கிழமை காலையில் எங்க வீட்டில் சோளக் கஞ்சியோடு சாப்பிடுவோம்." நைஜீரியாவின் யோருபா மொழியில் அக்கரா என்றால் இந்தப் பயற்றுப் பொரியல்தான். ஜெ என்றால் சாப்பிடு. தெருவில் கூவி விற்ற குரலே பெயராக ஒட்டிக்கொண்டது என்பது பரவலான விளக்கம். "வடை சாப்பிடு" என்பதே ஒரு பண்டத்தின் பெயரானது போல. சால்வடோரில் இதே மாவை வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைத்தும் விற்கிறார்கள், அபாரா என்று. லாகோஸ்காரர் அதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர்கள் ஊரிலும் பொரித்தது ஒன்று, அவித்தது ஒன்று என்று ஜோடியாகத்தான் இருக்கிறதாம். அதே பயறு, அதே எண்ணெய், அதே ஜோடி, அதே பெயர். இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை.

இந்தப் பண்டத்தைக் கொண்டுவந்தவர்கள் சோழர் மாதிரி கப்பல் கட்டிக்கொண்டு வந்தவர்கள் இல்லை. கப்பலில் சங்கிலியோடு வந்தவர்கள். சுமார் 48 லட்சம் ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக பிரேசிலில் இறக்கப்பட்டார்கள், உலகத்திலேயே இவ்வளவு பேரை வேறெந்த நாடும் இறக்கவில்லை. அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடும் இதுதான், 1888ல். நகரத்து அடிமைப் பெண்கள் பலர் தலையில் தட்டோடு தெருவில் தின்பண்டம் விற்றார்கள். தினமும் இவ்வளவு என்று எஜமானருக்குக் கட்டணும், மிச்சம் இருந்தால் அவர்களுக்கு. அந்த மிச்சத்தைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. சதுக்கத்தில் பார்த்த அம்மாவின் தொழில் அந்த வழியில் வந்தது.

அகராஜே வெறும் தின்பண்டமும் இல்லை. யோருபா வழிபாட்டில் இருந்து வளர்ந்த காண்டோம்ப்ளே மதத்தில், காற்றுக்கும் புயலுக்கும் உரிய தெய்வமான இயன்சானுக்கு இதுதான் படையல். பையானாவின் வெள்ளை உடையும் மணிமாலையும் அந்த மரபில் வந்தவை. இங்கேதான் இன்றைய சண்டை. சுவிசேஷ சபைகளில் சேர்ந்த சிலர் இதே வடையை "இயேசுவின் உருண்டை" என்று பெயர் மாற்றி விற்க ஆரம்பித்தார்கள். அவர்கள் பக்கம் கேட்டால், பிழைப்பு வேண்டும், வேறு தெய்வத்தின் படையல் வேண்டாம் என்பார்கள். பையானாக்களுக்கோ, பெயரையும் உடையையும் எடுத்துவிட்டால் அவர்கள் முன்னோர்களே அதிலிருந்து காணாமல் போகிறார்கள். 2005ல் பிரேசில் அரசு பையானாக்களின் தொழிலை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. கவனியுங்கள், வடையை இல்லை, தொழிலை. உலகக் கோப்பைக் கால்பந்து வந்தபோது, மைதானத்தைச் சுற்றித் தெரு வியாபாரிகள் கூடாது என்ற ஃபிஃபா விதி இவர்களையும் வெளியே தள்ளப் பார்த்தது. சங்கம் சேர்ந்து போராடினார்கள், மனு போட்டார்கள், 2013ல் சால்வடோர் மைதானத்தில் சிலருக்கு இடம் கிடைத்தது.

இதையெல்லாம் படித்த பிறகு "தமிழன் கண்ட பிரேசில்" தலைப்பைத் திரும்பப் பார்த்தபோது கூச்சமாக இருந்தது. பெயரைக் காப்பாற்ற இவ்வளவு பாடுபடுகிறவர்களிடம் போய், நாம் வேறு ஒரு பெயரை ஒட்டுகிறோம்.

வேடிக்கை என்னவென்றால், காராமணியே ஆப்பிரிக்கப் பயிர். அங்கிருந்து இந்தியாவுக்கு வந்து மூன்றாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. நவராத்திரிச் சுண்டலுக்குப் போடும்போது யார் ஆப்பிரிக்காவை நினைக்கிறோம்?

நம் பக்கத்து உறவு சால்வடோரில் இல்லாமல் இல்லை. ஆனால் அது வடைச்சட்டியில் இல்லை, சந்தையில் இருக்கிறது. மூன்றாம் நாள் சாவோ ஜுவாகிம் சந்தைக்குப் போனேன். நெரிசலும் சகதியுமாக அப்படியே நம்மூர்ச் சந்தை. ஒரு மூலையில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் கேட்டேன். "ஜாக்கா." நாகர்கோவில் பக்கம் பலாவை என்ன சொல்வார்கள்? சக்கை. மலையாளத்திலும் சக்க. 1563ல் கோவாவில் அச்சான புத்தகத்தில், கார்சியா டா ஓர்ட்டா என்ற மருத்துவர் மலபாரில் இதன் பெயர் ஜாக்கா என்று எழுதியிருக்கிறார். போர்த்துகீசியக் கப்பலில் பழமும் போனது, பெயரும் போனது. மாம்பழத்துக்கு அங்கே "மாங்கா". இதுதான் நான் சொன்ன மாறியின் பெயர்!

தேங்காயும் அப்படித்தான். பிரேசிலில் அதற்கு பாஹியா தேங்காய் என்றே பெயர், ஏதோ அங்கேயே முளைத்தது மாதிரி. 2011ல் வந்த ஒரு மரபணு ஆய்வு உலகத்துத் தென்னைகளை இரண்டு பெரிய குடும்பமாகப் பிரித்தது: பசிபிக் ஒன்று, இந்தியப் பெருங்கடல் ஒன்று. அட்லாண்டிக் கரையோரத் தென்னைகள் இரண்டாவது குடும்பம். ஆக வாட்டபாவில் ஊற்றும் தேங்காய்ப்பாலின் மூதாதை நம் பக்கத்துக் கடலைச் சேர்ந்தது.

எதிர்த்திசையிலும் கணக்கு உண்டு. பிரேசிலின் பூர்வகுடிகளான துப்பி மக்களின் சொல்லில் இருந்து வந்தது காஜு, அதாவது முந்திரி. மரவள்ளியும் அந்தக் கண்டத்துப் பயிர்தான். சால்வடோர் தெருவில் ஈரமான மரவள்ளி மாவை வெறும் சட்டியில் தூவுவார்கள். எண்ணெய் இல்லை, ஊற்றத் தண்ணீரும் இல்லை. சூட்டில் தானாகவே சேர்ந்து தோசையாகிவிடும், உள்ளே தேங்காய்த்துருவல் வைத்து மடித்துத் தருவார்கள். இதன் பெயர் டாபியோக்கா. சேலத்து ஜவ்வரிசியும் இதே மாவில் செய்வதுதான்.

என் அம்மா ஊர் பண்ருட்டி. பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன ஊர். ஒன்று இங்கிருந்து அங்கே போனது, மற்றது அங்கிருந்து இங்கே வந்தது, இரண்டும் ஒரே செம்மண்ணில் பக்கத்துப் பக்கத்துத் தோப்பில் நிற்கின்றன. சின்ன வயசில் லீவுக்குப் போய் அந்த மரங்களில் ஏறியிருக்கிறேன். எந்த மரம் வெளியூர் என்று யாரும் சொன்னதில்லை.

ஊருக்கு வந்ததும் அகராஜே செய்து பார்த்தேன். டென்டே கிடைக்கவில்லை, கடலெண்ணெயில்தான். மிக்ஸி சுற்றவில்லை என்று தண்ணீர் ஊற்றினேன், முதல் ஈடு எண்ணெயில் கரைந்து போனது. அம்மா எட்டிப் பார்த்து, "காராமணிக்குத் தண்ணி காட்டக் கூடாதுடா, கையால அடி" என்றார். அடித்தேன், தோள்பட்டை வலிக்கும்வரை. இரண்டாவது ஈடு உருண்டையாக மேலே வந்தது. அதை போட்டோ எடுத்து குடும்பக் குழுவில் "அகராஜே, யோருபா மக்களின் பண்டம்" என்று எழுதிப் போட்டேன். பெரிய மாமா கட்டைவிரல் காட்டினார். மறுநாள் காலை "தமிழன் கண்ட பிரேசில்" மறுபடியும் வந்தது, இந்த முறை சித்தப்பாவிடம் இருந்து. அவருக்கு இந்தக் கட்டுரையின் சுட்டியை அனுப்பப் போகிறேன்.