கைப்பிடிச் சுவர் இல்லாத கட்டில்



பிள்ளைகள் பத்து வயதை எட்டியதும் அவர்களுடைய படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். ஏழு வயதில் தொழுகையை ஏவச் சொன்ன அதே நபிமொழியின் தொடர்ச்சியாக இக்கட்டளை அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. மதரஸாவில் பாடம் நடத்தும் எங்களைப் போன்றோர் அதன் முற்பகுதியை அடிக்கடி எடுத்துரைக்கிறோம். பிற்பகுதியை நாணத்தினாலோ மறதியினாலோ விட்டுவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் திண்டிவனத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவர், "ஹஜரத்! வீட்டில் பிள்ளைகள் படுப்பதற்கு இருப்பது ஒரே ஓர் அறை. ஆண் பிள்ளைகள் மூவர். படுக்கையை எங்கே பிரிப்பது?" என்று என்னிடம் கேட்டார். "விழுப்புரம் சந்திப்பில் வந்து நிற்கும் ரயிலைப் பாருங்கள். ஒருவர் படுக்கும் இடத்தில் மூவர் மூன்று தட்டுகளில் உறங்குகிறார்கள். நீங்களும் அடுக்குக் கட்டில் ஒன்று செய்து போடுங்கள்" என்றேன். நல்ல யோசனை சொன்ன நிறைவோடு ஊர் திரும்பினேன்.

அவருடைய பிள்ளைகள், மலைவாசத் தலமொன்றில் தாங்கள் தங்கிய விடுதியில், செதுக்காத உருண்டை மரங்களால் அமைந்த அடுக்குக் கட்டிலைக் கண்டு மயங்கியிருந்தார்கள். அதே போன்று வேண்டும் என்று அத்தாவிடம் அடம் பிடித்தார்கள். சவுக்குக் கழிகள் வந்தன. பட்டையைக்கூட உரிக்காமல் ஆணி அறைந்து கட்டிலும் ஆயிற்று. பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால், மேல்தட்டின் விளிம்பில் ஒற்றைக் கழி ஒன்றே தடுப்பு. ஒரு நாள் பின்னிரவில் ஐந்து வயதுக் கடைக்குட்டி அக்கழிக்கும் மெத்தைக்கும் இடையிலிருந்த சந்து வழியே உருண்டு தரையில் விழுந்தான். காறையெலும்பு முறிந்தது. அல்லாஹ்வின் அருளால் எலும்பு கூடிப் பிள்ளை நலமடைந்தான்.

அந்தத் தந்தை என்னைக் குறை கூறவில்லை. ஆயினும் நான் சொன்னது பாதிதான் என்பதை அன்றே உணர்ந்தேன். படுக்கையைப் பிரிக்கச் சொன்ன பெருமானார் (ஸல்) அவர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் இரவில் உறங்குவதையும் கண்டித்துள்ளார்கள். அவ்வாறு உறங்குபவர் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்து நீங்கிவிடுகிறார் என்பது அந்த நபிமொழியின் கருத்து. அதுவும் அபூதாவூதில் உள்ளதே. மேல்தட்டும் ஒரு சிறு மாடிதானே! நான் விட்டுவிட்ட மறுபாதியை இங்கே எழுதுகிறேன்.

தடுப்பே முதன்மை

அடுக்குக் கட்டில் வாங்கும்போது மரத்தின் அழகைப் பார்க்குமுன் மேல்தட்டின் தடுப்பைப் பாருங்கள். அமெரிக்க நாட்டில் 1999-இல் வகுக்கப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் நமக்கும் நல்ல அளவுகோல். தடுப்பின் மேல்விளிம்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். சுவரோரமாகப் போட்டாலும் அப்பக்கமும் தடுப்பு வேண்டும். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையிலும் பிள்ளை சிக்கிக்கொள்ளக்கூடும். மேல்தட்டின் தடுப்புகளில் உள்ள சந்துகள் மூன்றரை அங்குலத்தைத் தாண்டலாகாது. ஏனெனில், அகன்ற சந்தில் குழந்தையின் உடல் நுழைந்துவிடும். தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். ஆறு வயது நிரம்பாத பிள்ளையை மேலே படுக்க வைக்கவே கூடாது.

மெத்தையின் கனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மெல்லிய மெத்தைக்கு ஏற்ற தடுப்பு, கனத்த இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டதும் குட்டையாகிவிடும். ஏணி கட்டிலோடு அசையாமல் பிணைந்திருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. அது கூரை மின்விசிறி. பத்தடி உயரமுள்ள அறையில் மேல்தட்டு ஐந்தடியில் அமைந்தால், அதன்மேல் எழுந்து அமரும் சிறுவனின் தலை ஏழரை அடியைத் தாண்டும். கையை உயர்த்தினால் விசிறியின் இறக்கையே எட்டிவிடும். எனவே, கை நீட்டினாலும் எட்டாத தொலைவில் அறையின் மூலையில் கட்டிலைப் போடுங்கள். அதற்கு இடமில்லையெனில், கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி பொருத்துங்கள். இரண்டும் இயலாவிடில் அந்த அறைக்கு அடுக்குக் கட்டில் வேண்டாம்.

எந்த மரம்?

உருண்டை மரக் கட்டிலை விரும்புவதில் தவறில்லை. ஆனால், உருண்டை மரம் உலரும்போது வெளிப்புறம் முதலில் சுருங்கி, நடுவை நோக்கி வெடிக்கும். ஈர மரத்தில் அறைந்த ஆணி, மரம் உலர்ந்ததும் தளரும். பட்டையை விட்டுவைத்தால் அதனடியில் வண்டும் புழுவும் குடியேறும். ஆகவே பட்டை உரித்து, நிழலில் பல மாதங்கள் உலர்த்திய மரமாக இருக்க வேண்டும். இணைப்புகள் துளையிட்டுக் கழுந்து கோத்தவையாகவோ, மரையாணியால் முடுக்கியவையாகவோ இருத்தல் நலம்.

நம் பகுதியில் மலிவாகக் கிடைப்பது சவுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகாவதற்கென்றே சென்னை மாகாணத்துக் கரையோரங்களில் பெருக வளர்க்கப்பட்ட மரம் அது. பந்தலுக்கும் சாரத்திற்கும் உகந்தது. கட்டிலுக்கோ அவ்வளவாக ஆகாது, முறுக்கிக்கொள்ளும், பிளக்கும். திண்டிவனம் என்னும் பெயருக்கே புளியங்காடு என்று பொருள் கூறுவர். அந்தப் புளியும் உறுதியானதே எனினும் இழைப்பதற்குக் கடினம், கனமும் மிகுதி. தேக்கு சிறந்தது, விலைதான் கூடுதல். பலா, பூவரசு, வேம்பு ஆகியவற்றில் வைரம் பாய்ந்த பகுதியைத் தேர்ந்தால் பல்லாண்டு உழைக்கும். இடித்த பழைய வீடுகளின் தேக்கு உத்திரங்கள் மரவாடிகளில் கிடைக்குமானால் அவற்றை விட்டுவிடாதீர்கள். அவை ஏற்கெனவே நன்கு உலர்ந்தவை. உள்ளே பழைய ஆணி இருக்கிறதா என்று மட்டும் ஆசாரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கீழ்த்தட்டும் தரையை ஒட்டியிருக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. கால்களின் அடியில் கல் வைத்து உயர்த்தினால் ஈரமும் கறையானும் எளிதில் அணுகா.

கடனும் கட்டிலும்

இத்தனையும் படித்துவிட்டு, கடன் வாங்கியேனும் கட்டில் போட வேண்டுமோ என்று எந்தத் தாயும் கலங்க வேண்டாம். மார்க்கம் கேட்பது படுக்கை தனித்திருப்பதைத்தான். தனித்தனிப் பாயும் தனித்தனிப் போர்வையும் இருந்தால் அக்கட்டளை நிறைவேறிவிடும். ஈச்ச நார் நிரப்பிய தோல் விரிப்பில் உறங்கியவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இல்லத்திலோ அண்ணன் மேலே, தங்கை கீழே என்ற ஏற்பாடு போதாது. தனி அறை, இயலாவிடில் இடையே ஒரு திரை வேண்டும்.

திண்டிவனத்து நண்பர் அந்தச் சவுக்குக் கட்டிலைப் பிரித்து அடுப்பெரித்துவிட்டார். பழைய தேக்குச் சட்டங்களில் புதிய கட்டில் ஒன்று செய்தார். இம்முறை ஆசாரியோடு நானும் அளவுகோலுடன் நின்றேன். தடுப்பு மெத்தைக்கு மேல் ஒரு சாண் உயரம் நிற்கிறது. விழுந்த பிள்ளைக்கு இப்போது பத்து வயது நிரம்பிவிட்டது. மேல்தட்டு அவனுடையது. படுக்குமுன் விரிப்பை உதறிவிட்டுப் படுக்கும் நபிவழியை அவனுக்கு நினைவூட்ட வேண்டியதே இல்லை என்கிறார் அவனுடைய தாய்.

உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் அமைதியாக உறங்கி, ஃபஜ்ரு பாங்கு கேட்டு நலமாக எழ வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.