பட்டியலின் தலையில் இருக்க வேண்டிய பெயர்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தலைசிறந்த பயிற்சியாளர் யார் என்ற வாதம் அந்த நாட்டில் ஓய்வதே இல்லை. அலபாமாவில் கேட்டால் நிக் சேபன் என்பார்கள். வயதானவர்கள் ‘கரடி’ என்று பட்டப்பெயர் பெற்ற பால் பிரையண்டைச் சொல்வார்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் அபிமானிகளுக்கு 1931-ல் விமான விபத்தில் இறந்த நூட் ராக்னிக்கு மேல் ஆளில்லை. ஓக்லஹோமாவுக்கு 47 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற பட் வில்கின்சன், நெப்ராஸ்காவுக்கு டாம் ஆஸ்போர்ன். 2024 ஜனவரியில் சேபன் ஓய்வு பெற்றபோது, ஏழு தேசியப் பட்டங்களைக் காட்டி ‘இனி வாதத்துக்கு இடமில்லை’ என்று பேசியவர்கள் பலர். இடமிருக்கிறது என்பதே என் கட்சி. லூசியானாவின் வடபகுதியில் கிராம்ப்ளிங் என்ற சிற்றூரில், கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட ஒரு கல்லூரியில் 1941 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த எட்டி ராபின்சன்தான் இந்தப் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். பட்டியலை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, மரியாதைக்காகக் கடைசியில் ஒரு வரி சேர்க்கிறார்களே, அது அவருக்குரிய இடம் இல்லை.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. இது நம் ஊர் மைதானங்களில் ஆடும் கால்பந்து அல்ல; இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டிய ஆட்டம். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் ஆட்டம் நிற்கும். அடுத்தது ஓட்டமா எறிதலா, யார் எந்தப் பக்கம் போவது என்பதை எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர் தரப்பே பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதனால்தான் இந்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்கு இவ்வளவு மவுசு. கல்லூரிப் பயிற்சியாளருக்கு இன்னொரு பெரிய வேலையும் உண்டு. தொழில்முறை லீகில் புது வீரர்களைப் பங்கிடும்போது கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு கிடைக்கும். கல்லூரியில் அப்படி ஒரு நியாயம் கிடையாது. பள்ளியில் படிக்கும் பையனின் வீடு தேடிப் போய், தாய் தகப்பனிடம் பேசி, உதவித்தொகை தந்து அழைத்துவர வேண்டும். பெயரும் பணமும் உள்ள கல்லூரிக்குத் திறமையான பையன்கள் போவார்கள். அவர்கள் போன அணி ஜெயிக்கும். ஜெயித்த அணியைத் தேடி அடுத்த ஆண்டு இன்னும் திறமையானவர்கள் வருவார்கள். ஆகவே கோப்பைகளை எண்ணும்போது நாம் ஆளை மட்டும் எண்ணவில்லை, அவர் பின்னால் நிற்கும் கல்லூரியையும் சேர்த்தே எண்ணுகிறோம்.

அந்தக் கோப்பைகளே எப்படிக் கிடைத்தன என்றும் பார்க்க வேண்டும். கல்லூரிக் கால்பந்தின் உச்சப் பிரிவில் 2014 வரை முறையான பிளேஆஃப் கிடையாது. பத்திரிகையாளர்களும் பயிற்சியாளர்களும் வாக்களித்துத்தான் பல பத்தாண்டுகள் ‘தேசிய சாம்பியன்’ அணி தேர்ந்தெடுக்கப்பட்டது. பிரையண்டின் ஆறு பட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1964-ல் வாக்கெடுப்பு முடிந்து பட்டம் கைக்கு வந்த பிறகு, புத்தாண்டு நாள் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் அலபாமா டெக்சஸிடம் தோற்றது, பட்டம் போகவில்லை. 1973-லும் அதே கதை: யுபிஐ செய்தி நிறுவனத்தின் பட்டம் முன்பே வந்துவிட்டது, பிறகு நோட்டர் டேமிடம் 24-23 என்று தோல்வி. 1978-ல் அலபாமாவை அதன் சொந்த மாநிலத்திலேயே தோற்கடித்த சதர்ன் கலிஃபோர்னியாவுக்கு ஒரு வாக்கெடுப்பும், அலபாமாவுக்கு இன்னொரு வாக்கெடுப்பும் பட்டம் கொடுத்தன. மறுபக்கம், 1966-ல் ஒரு தோல்வியும் இல்லாத பிரையண்டின் அணிக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. முதலிரண்டு இடங்களைப் பெற்றவை ஒன்றோடொன்று 10-10 என்று டிரா செய்த அணிகள். வெள்ளையர் மட்டுமே ஆடிய அணி என்பதால் வாக்காளர்கள் ஒதுக்கினார்கள் என்று அலபாமாவில் இன்றும் குறைபடுகிறார்கள். சேபன் காலத்திலும் இது முழுதாக மாறிவிடவில்லை. 2011, 2017 இரண்டு ஆண்டுகளிலும் தன் சொந்தப் பிரிவையே வெல்லாத அலபாமா, தேர்வுமுறையின் கருணையால் பட்டப் போட்டிக்குள் வந்து பட்டம் வென்றது. வந்தபின் ஜெயித்தது அவர் திறமை, சந்தேகமில்லை. ஆனால் ஏழு, ஆறு, மூன்று என்ற எண்களை நிறுத்துப் பார்க்கும் தராசு அப்படியொன்றும் நேரானதல்ல.

சேபனைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. 2018 ஜனவரி இறுதி ஆட்டத்தில், இரண்டு ஆண்டுகளாகப் பந்தை எறிந்து அணியை வழிநடத்திய குவார்ட்டர்பேக்கை இடைவேளையில் உட்காரவைத்து, முதலாண்டு மாணவன் டுவா டகோவைலோவாவை இறக்கி ஜார்ஜியாவை 26-23 என்று வென்றது சாதாரணத் துணிச்சல் அல்ல. முடிவைப் பற்றி நினைக்காதே, இந்த ஒரு முயற்சியை ஒழுங்காகச் செய் என்ற அவருடைய பாடத்தை இன்று ஆட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்கூட எடுத்தாள்கிறார்கள். ஆனால் அவருக்கு வாய்த்தவையும் கணக்கில் வர வேண்டும். ஒரு லட்சம் பேர் அமரும் மைதானம், ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கும் மேல் சம்பளம், எதிரணியை ஆராய்வதற்கென்றே ஒரு படை, நாட்டின் எந்த மூலையிலும் கதவைத் திறந்துவிடும் ‘அலபாமா’ என்ற பெயர். ஆள்சேர்ப்பு என்ற ஆயுதம் இல்லாத தொழில்முறை லீகில், மயாமி டால்ஃபின்ஸ் அணியோடு 2005, 2006-ல் அவர் கண்டது 15 வெற்றி, 17 தோல்வி. இரண்டே ஆண்டுகளை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாதுதான். என்றாலும் அவருடைய பலத்தில் எவ்வளவு பங்கு ஆள்சேர்ப்பில் இருந்தது என்பதை அது காட்டத்தான் செய்கிறது.

இனி கிராம்ப்ளிங். ராபின்சனுக்கு அந்த வேலை கிடைத்தபோது வயது 22. அதற்கு முன் பேட்டன் ரூஜில் ஒரு தீவன ஆலையில் கூலி வேலை. அதே ஊரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெரிய மைதானம் இருந்தது. அங்கே ஆடுவதோ படிப்பதோ கறுப்பினப் பையனுக்கு எட்டாத காரியம். கிராம்ப்ளிங்கில் அவருக்கு உதவியாளர்கள் இல்லை, பணமும் இல்லை. புல் வெட்டினார், கோடு போட்டார், பையன்களின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார், ஆட்டம் முடிந்ததும் செய்தியை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வெளியூர்ப் பயணத்தில் வழியிலிருந்த உணவகங்கள் கறுப்பினத்தவருக்குச் சாப்பாடு போடாது என்பதால் ரொட்டியும் இறைச்சியும் கட்டி எடுத்துப்போனார்கள். முதல் ஆண்டில் வென்றதைவிடத் தோற்றது அதிகம். இரண்டாம் ஆண்டு, 1942-ல், எல்லா ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. உலகப்போரால் இரண்டு ஆண்டுகள் அணியே இல்லாமல் போனது. அதன்பின் அரை நூற்றாண்டு. மொத்தம் 408 வெற்றி, 165 தோல்வி, 15 டிரா. பிரையண்டின் 323 வெற்றிகளை அவர் 1985-ல் தாண்டினார்.

இங்கே முதல் ஆட்சேபம் வரும், அதுவும் நியாயமான ஆட்சேபம்: ராபின்சன் வென்றது யாரை? பெரிய பல்கலைக்கழகங்களோடு அவர் பெரும்பாலும் மோதவில்லையே. 1978-க்குப் பின் அவருடைய அணி இரண்டாம் தட்டில்தானே இருந்தது? அதிகம் மோதவில்லைதான். பல காலம் மோத விடவில்லை என்பதுதான் முழு உண்மை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு வாதத்தை முடித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. அநியாயம் நடந்தது என்பதற்காக ஒருவருக்குப் பரிசு மதிப்பெண் போட வேண்டியதில்லை. இரு தரப்பும் ஒரே களத்தில் சந்தித்த இடம் ஒன்று உண்டு, அது தொழில்முறை லீக். ராபின்சனின் கையிலிருந்து 200-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள். 1949-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்த பால் ‘டேங்க்’ யங்கர், கறுப்பினக் கல்லூரியிலிருந்து தேசிய லீகுக்குப் போன முதல் ஆள். அவர் சறுக்கியிருந்தால் பின்னால் வருபவர்களுக்கும் கதவு மூடியிருக்கும். பத்து சீசன் ஆடினார். வில்லி டேவிஸை 15-வது சுற்றில்தான் எடுத்தார்கள், வில்லி பிரவுனை யாருமே எடுக்கவில்லை. இருவரும் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். பக் புக்கானனும் சார்லி ஜாய்னரும் அங்கே இருக்கிறார்கள். தொழில்முறை சாம்பியனைத் தீர்மானிக்க 1967 ஜனவரியில் நடந்த முதல் சூப்பர் பவுலில் கிரீன் பே அணிக்கு டேவிஸ், எதிரே கான்சஸ் சிட்டி அணிக்கு புக்கானன் என்று கிராம்ப்ளிங்கின் பிள்ளைகள் இரு பக்கமும் நின்றார்கள். இந்த லீகின் நிபுணர்கள் ஏறெடுத்தும் பார்க்காத பையன்களை, அதே லீகின் மிகச் சிறந்தவர்களாக ஆக்கி அனுப்பியது யார்? எதிராளி யார் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் அவர் செய்ததை நான் இன்னும் உயரத்தில் வைக்கிறேன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அந்த இடம் மூளைக்கான இடம் என்றும், கறுப்பினத்தவருக்கு அது வராது என்றும் தொழில்முறை அணிகள் பல காலம் நம்பின. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக மின்னிய கறுப்பின இளைஞர்களைப் பந்து பிடிக்கும் இடத்துக்கோ தற்காப்புக்கோ மாற்றினார்கள். ராபின்சன் அந்த நம்பிக்கையை உடைக்கத் திட்டமிட்டே ஆள் தயார் செய்தார். ஜேம்ஸ் ஹாரிஸை நிமிர்ந்து நின்று எறியும் தொழில்முறை பாணியிலேயே பழக்கி, இடம் மாறச் சொன்னால் மாறாதே என்று மனத்திலும் உறுதி ஏற்றினார். ஹாரிஸ் 1969-ல் பஃபலோ அணியின் சீசன் முதல் ஆட்டத்திலேயே குவார்ட்டர்பேக்காக இறங்கினார். அடுத்து வந்த டக் வில்லியம்ஸை 1978-ல் முதல் சுற்றிலேயே எடுத்தார்கள். 1988 ஜனவரி சூப்பர் பவுலில் வாஷிங்டனுக்கு ஆடிய வில்லியம்ஸ், இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்தார். 42-10 என்று டென்வர் நொறுங்கியது, ஆட்டநாயகனும் அவரே. சமூக நீதிக்காகப் பாராட்டுங்கள், பயிற்சித் திறனோடு சேர்க்காதீர்கள் என்பவர்கள் இந்த இடத்தில் யோசிக்க வேண்டும். கால் வைக்கும் விதம், தற்காப்பைப் படிக்கும் கண், பந்தை விடும் நொடி என்று பயிற்சிக் களத்தில் சொல்லித்தந்த பாடங்களால்தான் அந்தக் கதவு திறந்தது. பயிற்சியையும் அதன் விளைவையும் எப்படிப் பிரிப்பது?

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. இனப் பிரிவினையே ராபின்சனுக்குச் சாதகமாக அமைந்ததல்லவா? மாநிலப் பல்கலைக்கழகம் கறுப்பின வீரர்களைத் தொடாதவரை லூசியானாவின் திறமை முழுவதும் அவருக்கே வந்தது என்கிறார்கள். இதில் பாதி உண்மை உண்டு. டேவிஸும் புக்கானனும் இன்று பிறந்திருந்தால் கிராம்ப்ளிங்குக்கு வந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தத் திறமைக்குப் போட்டியில்லாமல் இல்லை. அதே மாநிலத்தில் சதர்ன் பல்கலைக்கழகம் இருந்தது. ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் 203 ஆட்டங்களை வென்று 36 மட்டுமே தோற்ற ஜேக் கெய்தர் இருந்தார். டென்னசி ஸ்டேட் இருந்தது. அத்தனை பேருக்கும் அதே கட்டுப்பாடு, அதே வாய்ப்பு. மேலும் 1970-களின் தொடக்கத்தில் தெற்கத்திப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின வீரர்களை அள்ளிக்கொள்ளத் தொடங்கிய பிறகும், தன் வட்டாரக் கூட்டமைப்பில் ராபின்சன் வென்ற 17 பட்டங்களில் பாதிக்கு மேல் வந்தன. ஏகபோகம்தான் காரணம் என்றால், ஏகபோகம் போனதும் வெற்றியும் போயிருக்க வேண்டும்.

எண்ணிக்கைதான் பேசும் என்றால் மினசோட்டாவின் ஜான் கலியார்டி 489 வெற்றி பெற்றாரே, அவரை ஏன் முதலில் வைக்கவில்லை என்று கேட்கலாம். பயிற்சியில் மோதித் தள்ளுவதையே தடைசெய்து, விசிலும் ஊதாமல், தன்னை ‘கோச்’ என்று அழைக்கவும் விடாமல் ஜெயித்த அற்புதமான மனிதர் அவர். ஆனால் உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவில், தன்னைப் போன்ற கல்லூரிகளோடு அவர் பெற்ற வெற்றிகளை வெளியிலிருந்து உரசிப் பார்க்க வழியில்லை. ராபின்சனுக்கு அந்த உரைகல் இருக்கிறது. பெரிய கல்லூரிப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவின் 409 வெற்றிகளையும் எண்ணிக்கையின் பலவீனத்துக்குச் சாட்சியாகவே பார்க்கிறேன். 2011 அக்டோபர் கடைசியில் ராபின்சனைத் தாண்டினார். சில நாட்களுக்குள், அவருடைய முன்னாள் உதவியாளர் சிறுவர்களிடம் செய்த பாலியல் கொடுமைகள் அம்பலமாகி, வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2012-ல் அவருடைய 111 வெற்றிகள் அழிக்கப்பட்டன, 2015-ல் திரும்பி வந்தன. அலுவலகத்தில் உட்கார்ந்து கூட்டவும் கழிக்கவும் முடிகிற ஓர் எண், யார் பெரியவர் என்பதை முடிவு செய்ய முடியாது. ராபின்சனின் 408-க்கும் இது பொருந்தும். அதனால்தான் அந்த எண்ணின்மேல் என் வாதத்தை நிறுத்தவில்லை.

கடைசி ஆண்டுகள் அவருக்கு நன்றாக இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. இறுதி மூன்று சீசன்களிலும் தோல்விகளே அதிகம். 1996 முடிந்ததும் கல்லூரியே அவரை அனுப்பிவிடப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்ததால் இன்னும் ஓராண்டு கொடுத்தது. நேரத்தோடு விலகியிருக்கலாம். உச்சத்திலேயே விலகிய ஆஸ்போர்னுக்கும் சேபனுக்கும் அந்த வகையில் ஒரு படி அதிகம்தான். ஆனாலும் 56 ஆண்டுக் கதையில் அந்த மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சரிவு எதையும் அழித்துவிடவில்லை. 1998-ல் அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கூட்டமைப்புப் பட்டத்தை வென்றார்.

இரண்டாம் இடத்தைச் சேபனுக்குத் தருவேன், பிரையண்டுக்கு அல்ல. ஒரு கல்லூரி எத்தனை பேருக்கு உதவித்தொகை தரலாம் என்பதற்குத் தேசிய அளவில் உச்சவரம்பு வந்ததே 1973-ல்தான், அதுவும் 105 பேர். அதற்கு முன் பெரிய கல்லூரிகள் தமக்கு வேண்டாத பையனைக்கூட எதிராளிக்குப் போகாமல் சேர்த்து வைத்துக்கொள்ள முடிந்தது. சேபன் அலபாமாவில் வென்றதெல்லாம் 85 பேர் என்ற வரம்புக்குள். அதோடு, மாநிலத்தில் அசைக்க முடியாத செல்வாக்கு இருந்தும் பிரையண்ட் தன் அணியில் முதல் கறுப்பின வீரருக்கு உதவித்தொகை தர 1970 வரை காத்திருந்தார். அத்தனை காலமும் அவருடைய அணி, கண்ணெதிரே இருந்த திறமையில் ஒரு பெரும் பகுதியை விட்டுவிட்டே ஆடியது.