இங்கிலாந்துக்கு டீச்சர் வேலைக்குப் போறீங்களா? குளிரை விட இருட்டுக்குத் தயாராகுங்க!

நவம்பர் பிறந்தால் வடக்கே குளிர் தாங்காத பறவைகள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து இறங்கும். அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் உத்திரமேரூரில் பி.எட். முடித்துவிட்டு தனியார் பள்ளியில் பிசிக்ஸ் எடுக்கும் ஒருவருக்கு இப்போது எதிர்த் திசையில் ஒரு வழி திறந்திருக்கிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை!

எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்று சொல்ல யூடியூபில் ஏகப்பட்ட வீடியோ இருக்கு. ஆனால், முதல் குளிர்காலத்தில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் குளிர் இல்லை, இருட்டு. கையெழுத்து போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

யார் போகலாம்?

வேட்பாளருக்கு என்ன தகுதி வேண்டும் என்று சோழர் காலத்திலேயே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். இங்கிலாந்தும் அப்படித்தான், தகுதியில் கறார்.

2023 பிப்ரவரியிலிருந்து இந்தியா உட்பட 9 இடங்களைச் சேர்ந்த ஆசிரியர்கள், 'கியூ.டி.எஸ்.' எனப்படும் தகுதிச் சான்றுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம் என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. டிகிரி, ஆசிரியர் பயிற்சி, குறைந்தது ஓராண்டு அனுபவம், ஆங்கிலத் திறன் ஆகியவை அடிப்படை. நம் நாட்டு ஆசிரியர்களுக்கு இந்த வழி 11 முதல் 16 வயது மாணவர்களுக்கான கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களுக்கு மட்டும்.

முக்கியமான ஒன்று: வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமே பணம் வாங்குவது பிரிட்டனில் சட்டப்படி தவறு. விசா ஸ்பான்சர் செய்ய உரிமம் பெற்றவர்களின் பட்டியல் அந்நாட்டு அரசின் இணையதளத்திலேயே இருக்கிறது. ஏஜென்ட் சொல்லும் பெயர் அதில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருட்டு எவ்வளவு?

டிசம்பர் 21 அன்று உத்திரமேரூரில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். அதே நாளில் மான்செஸ்டரில் ஏழரை மணி நேரம்தான். காலை 8.20-க்கு மேல் சூரியன் வரும், மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். ஆசிரியர் 8 மணிக்குப் பள்ளியில் இருக்க வேண்டும். கிளம்பும்போது நாலரை ஆகியிருக்கும். போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வெயில் கண்ணில் படுவது சனி, ஞாயிறு மட்டும்தான், அதுவும் மேகம் விட்டால்.

கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். ஊர் பழக உங்களுக்குக் கிடைப்பது எட்டு வாரம்தான்.

கடிகாரம் மாறியதும் இன்னொன்றும் மாறும். இந்தியாவுடன் இருந்த நாலரை மணி நேர வித்தியாசம் ஐந்தரை ஆகிவிடும். மாலை 5 மணிக்கு ரூமுக்கு வந்து போன் போட்டால் ஊரில் இரவு பத்தரை. அம்மா தூங்கியிருப்பார். அதனால் மதிய இடைவேளையில் கூப்பிட்டுப் பழகுங்கள். அங்கே 12.30 என்றால் இங்கே மாலை 6 மணி.

உடம்புக்கு என்ன ஆகும்?

அங்கே அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை, தோலில் வைட்டமின் டி உருவாகப் போதுமான வெயில் கிடைக்காது. எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் மாத்திரை எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது பிரிட்டன் அரசின் சுகாதாரச் சேவையான என்.ஹெச்.எஸ். நம்மைப் போன்ற கருமை நிறத் தோல் உள்ளவர்களுக்கு ஆண்டு முழுக்கவே அந்த ஆலோசனை பொருந்தும்.

எந்நேரமும் தூக்கம், எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை. இது குளிர்காலத்தை ஒட்டி வரும் மனச்சோர்வாக இருக்கலாம். 'சீசனல் அஃபெக்டிவ் டிஸ்ஆர்டர்' என்ற பெயரில் மருத்துவர்கள் இதற்குச் சிகிச்சை தருகிறார்கள். 'ஊர் ஞாபகம், அவ்ளோதான்' என்று வாரக்கணக்கில் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். மதிய இடைவேளையில் 20 நிமிடம் வெளியே நடப்பதும் உதவும்.

வீடும் சமையலும்?

வேலை செய்யும் அறை குறைந்தது 16 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள வழிகாட்டுதல். நம்மூர் மார்கழி விடியற்காலையை விட அதுவே குறைவு! உள்ளே தெர்மல், அதன் மேல் கம்பளி, வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் உள்ளாடையாக அது வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். இட்லி மாவு கிச்சன் மேடையில் வைத்தால் புளிக்காது, அவனில் லைட்டை மட்டும் போட்டு உள்ளே வைக்க வேண்டும். துணியை ஜன்னல் மூடிய அறையில் காயப்போட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். தினமும் கொஞ்ச நேரமாவது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பொங்கலுக்கு லீவு உண்டா?

பொங்கல் சரியாக அங்கே டெர்ம் நடக்கும் நேரம். ஆசிரியர் விடுமுறை என்பது பள்ளி விடுமுறையோடுதான். கிறிஸ்துமஸுக்கு சுமார் இரண்டு வாரம் கிடைக்கும். ஆனால், விமான டிக்கெட் விலை எகிறுவதும் அப்போதுதான். முதல் வருடம் பொங்கல் வீடியோ காலில்தான் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

கையில் எவ்வளவு வேண்டும்?

2025-26 கணக்குப்படி லண்டனுக்கு வெளியே தகுதி பெற்ற புதிய ஆசிரியரின் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு 32,916 பவுண்டு. வரி, பென்ஷன் பிடித்தம் போகத்தான் கைக்கு வரும். ஆனால், செலவு முன்னாடியே வந்துவிடும். விசாவுடன் கட்டும் மருத்துவக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மூன்றாண்டு விசா என்றால் 3,105 பவுண்டை மொத்தமாகக் கட்ட வேண்டும். இதைப் பள்ளி தருமா, நீங்கள் கட்டணுமா என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டு அட்வான்ஸ், ஹீட்டர் பில் எல்லாம் தனி.

பிசிக்ஸ், மொழிப் பாட ஆசிரியர்களுக்கு 2023-24-ல் அறிமுகமான 10,000 பவுண்டு இடமாற்றத் தொகையைக் காட்டி இன்றும் சிலர் ஆசை காட்டலாம். அரசுத் தளத்தில் இப்போதைய நிலையைப் பார்க்காமல் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

'போதும், ஊருக்கே போயிடலாம்' என்று தோன்றினால்?

டிசம்பரிலும் ஜனவரியிலும் இப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால், நினைத்த மாதத்தில் விலக முடியாது. அங்கே பல பள்ளிகளில் ராஜினாமாவுக்குத் தேதி உண்டு. அக்டோபர் 31-க்குள் கொடுத்தால் டிசம்பர் இறுதியில் விலகலாம். அதைத் தவறவிட்டால் அடுத்தது பிப்ரவரி இறுதி, விலகுவது ஏப்ரல் 30-ல். வேலையை விட்டால் விசாவும் ஆடும். பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கு. டிசம்பர் 21-க்குப் பிறகு பகல் நீள ஆரம்பிக்கும். பிப்ரவரி கடைசியில் மான்செஸ்டரில் அது பத்தரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். பள்ளி விட்டு வரும்போது வெளிச்சம் இருக்கும். அதனால் வேலையை விடுவதா, தொடர்வதா என்ற முடிவை ஜனவரி இருட்டில் எடுக்காதீர்கள். பிப்ரவரி கடைசி வாரம் வரை தள்ளிவையுங்கள். அப்போதும் மனசு அதையே சொன்னால் தாராளமாகக் கடிதம் கொடுக்கலாம், தேதி இன்னும் தாண்டியிருக்காது.